கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமிருந்து கல்ஃபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: முதல் வருடக் கணக்கு

கோவையில் ஏறி ஷார்ஜாவில் இறங்குகிற நம்ம பாலக்காட்டு எல்லைத் தமிழ் ஆட்கள், அதாவது கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், முதலமடைக்காரர்கள், ரூமுக்கு வந்ததும் கேட்பது சிம் எங்கே வாங்கலாம், எந்த மெஸ் பரவாயில்லை என்பதுதான். அதை ரூம் ஆட்களே சொல்லிவிடுவார்கள். சம்பளத்தைப் பற்றித்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. கைவேலை எவ்வளவு தெரியும் என்பது அதில் பாதிதான். யார் பெயரில் விசா, அதற்கு யார் எவ்வளவு கட்டினார்கள், எப்போது கம்பெனி மாறலாம் என்பதுதான் மீதிப் பாதி.

முதலில் விசா காசு. எல்லையில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தமிழ்நாட்டு ரேஷனில் சும்மா கிடைக்கிற அரிசி வாளையாறு தாண்டினால் காசாகிவிடுகிறது, அந்தக் காசு மூட்டை கடத்துகிறவனுக்குப் போகிறது. ஊரில் ஒரு கூலி, இங்கே ஒரு கூலி, நடுவில் இத்தனை பேருக்கு மேல் விடமாட்டேன் என்று ஒரு கதவு இருந்தால் விசாவுக்கும் கள்ள விலை வந்துவிடும். இந்தியச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும், ஆக 35,400. ரசீது கட்டாயம். யூஏஇ சட்டமோ ஆளைக் கொண்டுவரும் செலவு முழுவதும் முதலாளி தலையில் என்கிறது. ஆனாலும் ஒரு லட்சம், ஒன்றே கால் லட்சம் கொடுத்துத்தான் வருகிறோம். வாங்குகிறவர் பெரும்பாலும் தூரத்துச் சொந்தமாக இருப்பார், ரசீது கேட்க வாய் வராது.

இப்போது கணக்குப் போடுங்கள். 1,20,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாதம் 3,600 வட்டி மட்டும், இரண்டு வருட காண்ட்ராக்ட் முடிவதற்குள் 86,400, அசல் அப்படியே நிற்கும். சம்பளம் 1,500 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம், ரூம் கம்பெனியுடையது. மெஸ், போன் என்று 400 போனால் மிச்சம் 1,100. திர்ஹமுக்கு 23 ரூபாய் போட்டால் 25,300, வட்டி போனால் 21,700. ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கில் கேரள கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி ஏறக்குறைய 890 ரூபாய், இந்திய சராசரி 417 தான். நம்ம பாலக்காட்டுச் சித்தூரில் மாதம் 25 நாள் வேலை கிடைக்கிற கொத்தனார் 22,000 பார்க்கிறார். ஜூன், ஜூலை மழையில் 25 நாள் கிடைக்காது, ஊரில் சாப்பாட்டுச் செலவும் உண்டு, அதெல்லாம் சரி. ஆனால் பீகார்காரருக்கு லாபமாக இருக்கிற அதே விசா கேரளப் பக்கத்து ஆளுக்கு லாபமாக இருக்கவேண்டும் என்று அவசியமில்லை. நகை அடகோ வங்கிக் கடனோ வைத்தாவது முதல் ஆறு மாதத்தில் கந்துவட்டியை அடைத்துவிடுங்கள். வீட்டுக்கு மிக்ஸி, டிவி அப்புறம்.

அடுத்து ஆஃபர் லெட்டர். யூஏஇ தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டரும் காண்ட்ராக்டும் அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கும், கேட்டு வாங்குங்கள். டைப்பிங் சென்டரில் ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று விரலை வைத்துக் காட்டுவார்கள், அந்த விரலுக்கு மேலே இருக்கிற வரியைப் படியுங்கள். மொத்தம் 1,500 என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 600, மீதி 900 ‘இதர படி’ என்று பிரித்திருப்பார்கள். மாதம் கையில் வருவது ஒன்றுதான், ஆனால் பணிக்கொடை பேசிக்கில்தான் போடுவார்கள்: முதல் ஐந்து வருடம் வரை, வருடத்துக்கு 21 நாள் பேசிக். 600 பேசிக் என்றால் வருடத்துக்கு 420 திர்ஹம், 1,200 என்றால் 840. வேலை போனால் கிடைக்கும் காப்பீடும் அப்படித்தான். மாதம் 5 திர்ஹம் கட்டுகிற திட்டம், கட்டாயம், சேராவிட்டால் 400 திர்ஹம் அபராதம். தொடர்ந்து பன்னிரண்டு மாதம் கட்டியிருந்தால் பேசிக்கில் 60 சதவீதம் மூன்று மாதம் வரை வரும், அதாவது 600 பேசிக்குக்கு மாதம் 360. அதை வைத்து ஷார்ஜாவில் ஒரு பெட் ஸ்பேஸ் பிடிப்பதே கஷ்டம்.

கம்பெனி மாறுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் உண்மையான காசு இருக்கிறது. கஃபீல் முறையில், அதாவது உங்கள் விசா முதலாளியின் பொறுப்பில் இருக்கிற பழைய முறையில், முதலாளியின் சம்மதம் இல்லாமல் இன்னொரு இடத்துக்குப் போக முடியாது. போக முடியாத ஆளுக்கு எதற்குச் சம்பளம் ஏற்றவேண்டும்? 2011 தொடக்கத்தில் யூஏஇ ஒரு விதியை மாற்றியது: காண்ட்ராக்ட் முடிந்தவர் பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபம் இல்லை என்கிற கடிதம்) இல்லாமலே வேறு கம்பெனிக்குப் போகலாம். சம்பளப் பதிவுகளை வைத்து இதை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் கண்டது, காண்ட்ராக்ட் முடிந்தவர்களின் வருமானம் பத்து சதவீதம் அளவுக்கு ஏறியது. கம்பெனி மாறியவர்களுக்கு மட்டும் ஏறியிருந்தால் ஆச்சரியமில்லை, பழைய இடத்திலேயே தங்கியவர்களின் எண்ணிக்கையும் கூடியது, அவர்களுக்கும் சம்பளம் ஏறியது. போகலாம் என்ற நிலை வந்ததும் முதலாளி இறங்கி வந்தார். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் உண்டு: புதிதாக ஆள் எடுப்பது குறைந்தது, புதிதாக வந்தவர்களுக்குச் சம்பளமும் குறைந்தது. முதல் காண்ட்ராக்டில் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், அதனால் உங்கள் பேரம் முதல் நாளில் இல்லை, காண்ட்ராக்ட் முடியப்போகும் நேரத்தில்தான். ரினியூவல் தாளை நீட்டும்போது பேசிக்கைப் பற்றிப் பேசுங்கள்.

இப்போதைய சட்டம் 2022 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்குள் யூஏஇயிலேயே வேறு கம்பெனிக்குப் போனால் ஒரு மாத நோட்டீஸ், உங்களைக் கொண்டுவந்த செலவைப் புதிய கம்பெனி பழைய கம்பெனிக்குத் தரவேண்டும். கத்தாரிலும் 2020ல் என்ஓசியை எடுத்துவிட்டார்கள், 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்ச சம்பளம் 1,000 ரியால், தங்குமிடமும் சாப்பாடும் தராவிட்டால் அதற்கு 500ம் 300ம் தனி. எங்கே இருந்தாலும் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பாதீர்கள், ஓடிப்போனவன் என்று ஒரு புகார் விழுந்தால் கையிலிருக்கிற சட்டமெல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

சவூதிக்குப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிவரும் முன் யோசியுங்கள். 2017 ஜூலையில் குடும்ப உறுப்பினர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய கட்டணம் வருடா வருடம் 100 ஏறி 2020ல் 400 ஆனது. மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். வாடகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். அந்த வருடங்களில் எத்தனையோ பேர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் திரும்பவும் பேச்சிலர் ரூமுக்குப் போனார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் மச்சான்மார்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே 2024லிருந்து சாதாரணத் தொழிலாளிக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி (வெளிநாட்டு ஆளை வைத்துக்கொள்வதற்கான கட்டணம்) மாதம் 900 டாலர், திறன் உயர்ந்தவருக்கு 500. நீங்கள் தேர்வு பாஸ் ஆனால் மாதம் 400 டாலர் மிச்சம் அவருக்கு, அதில் ஒரு பங்கு கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விசிட் விசாவில் வந்து வேலை தேடுகிறவர்கள் கவனியுங்கள். பத்தாவது பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர், அதாவது எமிகிரேஷன் கிளியரன்ஸ் (அரசின் வெளிநாட்டு வேலை அனுமதி) தேவைப்படுகிற வகை. கல்ஃப், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ் வேண்டும். அது தொல்லைதான். ஆனால் அந்த வழியில் வந்தால் காண்ட்ராக்ட் அரசுப் பதிவில் இருக்கும், 275 ரூபாய்க்கு இரண்டு வருடம், பத்து லட்சம் ரூபாய் காப்பீடும் இருக்கும். விசிட்டில் வந்தால் இரண்டும் இல்லை, கேம்பில் ஏதாவது நடந்தால் வீட்டுக்காரர்கள் எந்தத் தாளைக் காட்டுவார்கள்? 2024 ஜூனில் குவைத் மங்காஃப் கட்டடத்தில் தீப்பிடித்து இந்தியர்கள் மட்டும் 45 பேர் இறந்தார்கள், நிறைய பேர் மலையாளிகள், தமிழர்களும் இருந்தார்கள். உங்கள் கட்டிலிலிருந்து படிக்கட்டு எத்தனை அடி, மாடிக் கதவு பூட்டியிருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள்.

பணம் அனுப்புவதில், உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்புவது) நாலு பைசா கூடக் கிடைக்கும் என்பார்கள். முன்பின் தெரியாதவர் கணக்கிலிருந்து வந்து விழும் பணத்தால் ஊரில் உங்கள் கணக்கு முடங்கினால் அந்த நாலு பைசாவுக்கு வக்கீல் கிடைக்கமாட்டார். வங்கியில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு திறங்கள், அந்த வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

கடைசியாக நம்ம ஆட்களுக்கென்றே ஒரு குழப்பம். பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தமிழ், ரேஷன் கார்டு கேரளா. பாஸ்போர்ட்டில் கேரள முகவரி இருந்தால் நீங்கள் போகவேண்டிய இடம் கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் துறையான நோர்க்கா, சென்னையிலுள்ள தமிழ்நாட்டு அலுவலகம் இல்லை. நோர்க்கா அடையாள அட்டை எடுத்தால் விபத்துக் காப்பீடு உண்டு. கேரளாவின் பிரவாசி (வெளிநாடுவாழ்வோர்) நல வாரியத்தில் சேர்ந்து குறைந்தது ஐந்து வருடம் கட்டினால் 60 வயதுக்குப் பிறகு பென்ஷன். இரண்டு வருடமாவது வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பித் தொழில் தொடங்கினால், 30 லட்சம் வரையிலான திட்டத்துக்குக் கடனும் 15 சதவீதம், அதிகபட்சம் மூன்று லட்சம், மானியமும் உண்டு. விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள், ரூமில் மலையாளி இல்லாத கேம்ப் கல்ஃபில் கிடையாது, ஒரு சாயா வாங்கிக் கொடுத்தால் பூர்த்தி செய்து தருவார். நகரி, புத்தூர் பக்கத்துத் தமிழர்கள் இதையே ஆந்திர அரசின் வெளிநாடுவாழ் தெலுங்கர் அமைப்பில் கேட்கவேண்டும்.