ஸ்போர்ட் குவாட் பைக்கின் காபரேட்டர் ஜெட்டை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

சைலன்சரை மாற்றியதும், எயார் பில்டர் இருக்கும் எயார் பொக்ஸின் மூடியைக் கழற்றியதும், மலைநாட்டில் ஓடிய வண்டியைக் கொழும்புக்கு இறக்கியதும் குவாட் பைக் இருமத் தொடங்கும். எஞ்சினுக்குள் போகும் காற்று கூடியிருக்கும். காற்றோடு பெற்றோலைக் கலக்கும் காபரேட்டரில், பெற்றோலை அளந்து விடும் சிறு பித்தளைத் துளைதான் ஜெட். அது மாறாததால் பெற்றோல் மட்டும் பழைய கணக்கில்தான் வரும். காற்றுக்கேற்ற பெற்றோல் இல்லாமல் (லீன்) தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறி, கடைசியில் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். யமஹா பான்ஷீ போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியென்றால் அதற்கு முன்பே பிஸ்டன் இறுகிவிடும். ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது.

முதலில் உங்கள் வண்டியில் காபரேட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹொண்டா டி.ஆர்.எக்ஸ். 400 இ.எக்ஸ்., யமஹா ராப்டர் 660 ஆகியவற்றில் உண்டு. 2006இல் வந்த ராப்டர் 700 காபரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் வண்டி. அதற்கு இந்த வேலை பொருந்தாது.

ஜெட்டில் கை வைக்க முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். எயார் பில்டரைக் கழுவி, காயவைத்து, பில்டர் ஒயில் பூசுங்கள். அழுக்குப் பில்டரோடு சரிசெய்த ஜெட், பில்டரைக் கழுவிய அன்றே பிழையாகிவிடும். அடுத்தது, காபரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர். எங்கள் வெக்கையில் அது வெடித்துப் போவது சகஜம். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீர் ஸ்ப்ரே பண்ணுங்கள். ஐட்லிங் மாறினால் அங்கே காற்று கசிகிறது. அந்தக் கசிவை எந்த ஜெட்டாலும் சரிக்கட்ட முடியாது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுவார்கள்: பெருவிரலால் தள்ளும் த்ரொட்டில் பெட்டியில், புதிதாக ஓட்டுபவர்களுக்காக த்ரொட்டிலை மட்டுப்படுத்தும் ஸ்குறூ ஒன்று பல வண்டிகளில் இருக்கும். அது உள்ளே முறுக்கப்பட்டிருந்தால் த்ரொட்டில் முழுதாகத் திறக்காது. அந்த நிலையில், முழு த்ரொட்டிலில் பெற்றோல் விடும் மெயின் ஜெட்டைச் சோதித்துப் பயனில்லை.

எந்த ஜெட் என்பதைத் த்ரொட்டிலின் நிலைதான் சொல்லும். மூடிய நிலையிலிருந்து கால்வாசி வரை சிறிய ஜெட்டான பைலட் ஜெட்டும் அதன் ஸ்குறூவும் ஆளும். கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை, காபரேட்டருக்குள் த்ரொட்டிலோடு ஏறி இறங்கும் ஊசி. முக்காலுக்கு மேல் மெயின் ஜெட். வேகமோ கியரோ இதில் ஒரு பொருட்டல்ல. த்ரொட்டில் பெட்டியில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கால், அரை, முக்கால், முழு என்று பேனையால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கோட்டில் கோளாறு வருகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை ஆளும் பாகத்தை மட்டும் தொடுங்கள். ஒரே தடவையில் இரண்டு மாற்றம் செய்தால் எது பலித்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

லீனா, பெற்றோல் கூடிய ரிச்சா என்று பிரிக்க எளிய வழி, கலவையில் பெற்றோலைக் கூட்டும் சோக். கோளாறு வரும் கோட்டிலேயே த்ரொட்டிலைப் பிடித்துக்கொண்டு சோக்கைச் சற்று இழுங்கள். எஞ்சின் தெளிந்தால் பெற்றோல் போதவில்லை. இன்னும் திணறினால் பெற்றோல் கூடிவிட்டது. த்ரொட்டிலை விட்டதும் சைலன்சரில் படபடவென்று வெடித்தால் பெரும்பாலும் பைலட் லீன், அல்லது சைலன்சர் மூட்டில் கசிவு. மூட்டை முதலில் பாருங்கள், அதற்குச் செலவில்லை. கறுப்புப் புகையும், சூடேறச் சூடேற மோசமாகும் திணறலும் ரிச்சின் அடையாளங்கள்.

ஜெட் வாங்கக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய ஜெட்டைக் கையோடு கொண்டுபோங்கள். மரையும் நீளமும் தலையின் வடிவமும் ஒத்துப்போக வேண்டும். கெய்ஹின், மிகுனி என்ற இரு காபரேட்டர் கம்பனிகளின் இலக்கங்களும் ஒன்றல்ல. கெய்ஹினில் இலக்கம் துளையின் விட்டத்தைக் குறிக்கும். 150 என்றால் 1.50 மில்லிமீற்றர். மிகுனியின் அறுகோண மெயின் ஜெட்டில் அது பெற்றோல் ஓடும் அளவைக் குறிக்கும். ஒரு ஜெட் மட்டும் வாங்காமல், இப்போது உள்ளதற்கு மேலே நான்கைந்து அளவுகளை அடுத்தடுத்து வாங்குங்கள். இலக்கம் பொறிக்காத ஜெட்டையும், துளை ஓரத்தில் பிசிறு உள்ளதையும் எடுக்காதீர்கள். ஊசியாலோ ட்ரில்லாலோ பழைய துளையைப் பெருப்பிக்கவே வேண்டாம். பித்தளை மிருதுவானது, துளை வட்டமாக வராது, திரும்பவும் பழைய அளவுக்குக் கொண்டுவரவும் முடியாது.

வெளிநாட்டு ஜெட் கிட்களோடு வரும் அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் குளிர்ந்த காற்றுக்குப் போட்டவை. கொழும்பின் 30 பாகை வெப்பத்தில் காற்று ஐதாக இருப்பதால், கடல் மட்டத்துக்கென்று அவர்கள் சொல்வதைவிட ஓர் அளவு சிறியதே பெரும்பாலும் பொருந்தும். ஒரு வசதி என்னவென்றால் இங்கே ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறாது. ஒரு தடவை சரிசெய்தால் பருவத்துக்குப் பருவம் மாற்றும் வேலை இல்லை.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பின்னேரத்தில் கராஜுக்குள் நுளம்புச்சுருள் கொளுத்திவைக்கும் பழக்கம் இருந்தால் அன்று அது கூடவே கூடாது. பெற்றோல் டப்பை மூடி, காபரேட்டரின் கீழே பெற்றோல் தேங்கும் கிண்ணமான பௌலின் அடியிலுள்ள ஸ்குறூவைத் தளர்த்தி, உள்ளே இருப்பதை ஒரு தகரப் பேணியில் வடியவிடுங்கள். கானுக்குள் ஊற்ற வேண்டாம். வடிந்ததன் அடியில் தண்ணீர் மணிகள் தெரிந்தால், உங்கள் கோளாறுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

சீட்டையும் டாங்கியையும் கழற்றி, காபரேட்டரின் முன்னும் பின்னும் உள்ள கிளாம்ப்களைத் தளர்த்தினால், சில வண்டிகளில் காபரேட்டரைப் பக்கவாட்டில் திருப்பியே பௌலைத் திறக்கலாம். ஜப்பானிய காபரேட்டர்களின் ஸ்குறூத் தலை ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர) வகை. சாதாரண நட்சத்திர ஸ்குறூ ட்ரைவர் அதில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். முனை கிடைக்காவிட்டால், நன்றாகப் பொருந்தும் முனையை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள்.

பௌலைத் திறந்ததும் நடுவில் தெரிவது மெயின் ஜெட். அதன் அருகே குழிக்குள் மெலிதாக இருப்பது பைலட். இரண்டையும் வெட்டு நிறையப் பொருந்தும் தட்டை முனையால் கழற்றுங்கள். பூட்டும்போது கையால் மரை பிடித்து, பிறகு இலேசாக இறுக்கினால் போதும். காபரேட்டர் கிளீனர் அடிக்க முன் ரப்பர் வளையங்களையும், டயப்ரம் (மெல்லிய ரப்பர்த் தகடு) இருந்தால் அதையும் அகற்றிவிடுங்கள். அந்தத் திரவம் பட்டால் ரப்பர் ஊதிவிடும். பூட்டியபின் வடிகுழாயால் பெற்றோல் ஒழுகினால், பௌலுக்குள் வரும் பெற்றோலை அடைக்கும் புளோட் ஊசியில் தூசி சிக்கியிருக்கிறது அல்லது பௌல் வளையம் இடம் மாறியிருக்கிறது.

சோதனையை மெயின் ஜெட்டிலிருந்து தொடங்குங்கள். வேண்டியது என்று தோன்றும் அளவைவிடப் பெரியதைப் போட்டு, படிப்படியாகக் குறையுங்கள். ரிச் பக்கம் பிழைத்தால் பிளக் அழுக்காகும், அவ்வளவுதான். லீன் பக்கம் பிழைத்தால் எஞ்சின் போய்விடும். தெருவில் இதைச் செய்யக் கூடாது. சிலாபம், குருநாகல் பக்கத்தில் தெரிந்தவர்களின் தென்னந்தோட்டத்தில் நீளமான மண்பாதை இருந்தால் நல்லது. புதுப் பிளக்கோடு முழு த்ரொட்டிலில் ஓடி, த்ரொட்டிலை விடாமலே கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பீங்கானின் அடிவளையத்தில் இளம் கபில நிறம் இருக்க வேண்டும். வெள்ளை லீன், கரி ரிச்.

அடுத்தது பைலட். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஸ்குறூவை மெதுவாகத் திருப்பி, ஐட்லிங் அதிகமாக ஏறும் இடத்தில் விடுங்கள். ஸ்குறூ எஞ்சின் பக்கம் இருந்தால் அது பெற்றோல் ஸ்குறூ. வெளியே எடுத்தால் ரிச். எயார் பொக்ஸ் பக்கம் இருந்தால் காற்று ஸ்குறூ. வெளியே எடுத்தால் லீன். பெற்றோல் ஸ்குறூ மூன்று சுற்றுக்கு மேல் கேட்டால் ஓர் அளவு பெரிய பைலட் ஜெட் வேண்டும். ஒரு சுற்றுக்கும் குறைவாகக் கேட்டால் சிறியது. காற்று ஸ்குறூவுக்கு இது தலைகீழ்.

ஊசி கடைசியில்தான், ஏனென்றால் பைலட்டும் மெயினும் அதன் இரு எல்லைகளையும் தொடுகின்றன. ஊசித் தலையிலுள்ள கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே போட்டால் ஊசி உயரும், பெற்றோல் கூடும். வெட்டு இல்லாத ஊசியென்றால் அரை மில்லிமீற்றர் வாஷரை அடியில் வைத்து உயர்த்தலாம். டயப்ரம் உள்ள காபரேட்டரில் அதன் விளிம்பு பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்தபின் மூடியைப் பூட்டுங்கள். கசங்கிப் பூட்டினால் ஊசியைத் தாங்கும் ஸ்லைட் எழும்பாது, வண்டி அரை வேகத்தைத் தாண்டாது.

இப்படிக் கொழும்பில் சரிசெய்த வண்டியை 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால், அங்கே காற்று ஐதாக இருப்பதால் கலவை ஏறக்குறைய 9 நூற்றுவீதம் ரிச்சாகும். ஓட்டலாம், ஆனால் இழுவை இருக்காது. கெய்ஹின் 150 போட்டிருந்தால் அங்கே 142 அல்லது 145 சரியாக வரும். திரும்பக் கீழே இறங்கியதும் 150ஐப் போடாமல் வண்டியை ஓட்ட வேண்டாம். மலைக்குப் போட்ட ஜெட்டோடு கடலோரத்தில் முழு த்ரொட்டில் பிடிப்பது பிஸ்டனைக் கையால் உடைப்பதற்குச் சமம்.