மூத்திரப்பை கேன்சர் வந்துபோன வீட்டில் வைத்திருக்க வேண்டிய நோட்டு

அப்பாவுக்கு மூத்திரப்பையை எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்திரம் சேர வயிற்றில் ஒட்டியிருக்கும் பையை மாற்றும்போது, தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு கட்டி அம்மா கையில் தட்டியது. கொட்டைப்பாக்கு அளவு, கல் மாதிரி, வலியே இல்லை. திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயலில் அப்போது குறுவை நடவு. "கொழுப்புக்கட்டிதான் தம்பி, நடவு முடியட்டும்" என்றார் அப்பா. பக்கத்து கிளினிக்கிலும் அதையே சொன்னார்கள். பழைய நோயை நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மஞ்சள் பத்துப் போட்டே ஏழு வாரம் போய்விட்டது. அது தோலுக்குப் பரவிய அதே கேன்சர்.

இந்த நோய் பரவினால் பெரும்பாலும் நெறிக்கட்டுகள், எலும்பு, நுரையீரல், ஈரல் என்றுதான் போகும். தோலுக்கும் மூளைக்கும் போவது அரிது. அதனாலேயே அந்த நினைப்பு யாருக்கும் வருவதில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். முதல் பக்கத்தில் நோயின் பெயர், மூத்திரப்பைச் சுவரின் தசைவரை இறங்கியிருந்ததா, ஆபரேஷன் தேதி, கொடுத்த கீமோ மருந்துகள், கடைசி ஸ்கேன் தேதி. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "இவருக்கு மூத்திரப்பையில் கேன்சர் இருந்தது. இது அதோட சம்பந்தப்பட்டதான்னு பாருங்க." நாங்கள் சொல்லாமல் விட்டது இந்த இரண்டு வரிதான்.

புதுக் கட்டி தெரிந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து போட்டோ எடுத்து, தேதி எழுதிக்கொண்டு, பழைய கேன்சர் டாக்டரிடமே காட்டுங்கள். பத்து, ஒத்தடம் எதுவும் வேண்டாம்.

முதுகுவலியோடு கால் மரத்தாலோ தள்ளாடினாலோ, மலம் அடக்க முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கினால் சில மணி நேரத்திலேயே கால் செயலிழந்து போகலாம். விடாத தலைவலியோடு வாந்தி, வலிப்பு வந்தாலும் காத்திருக்காதீர்கள். எங்களுக்குப் பக்கம் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை நகலை நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

கட்டியிலிருந்து சோதனைக்குச் சதை எடுத்தால், முதல் ஆபரேஷன் நடந்த இடத்திலிருந்து ஸ்லைடையும் (அப்போது எடுத்த சதையின் சீவல் ஒட்டிய கண்ணாடித் துண்டு) மெழுகு பிளாக்கையும் (அந்தச் சதையை மெழுகில் பதித்த கட்டி) எழுதிக் கொடுத்து வாங்கி வாருங்கள். அப்பாவுடையதைப் பழைய ஸ்லைடோடு சேர்த்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள்.

முதுகும் பின்மண்டையும் அவரவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை குளித்ததும் அப்பா ஈரத் துண்டோடு திண்ணையில் திரும்பி உட்காருவார். நான் விரலால் தடவிப் பார்த்துச் சொல்வேன். தேதியை அவரே எழுதுவார்.