ஆபீஸ் நம்பருக்குக் கடன் வசூல் போன் வந்தால்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். அப்பாவின் ஆபரேஷனுக்காக ஒரு பர்சனல் லோன் வாங்கியிருந்தேன். மாதம் 6,240 ரூபாய் டியூ. கம்பெனியில் ஓவர்டைம் நின்றதும் மூன்று டியூ தவறிப்போனது. வசூல் ஆட்கள் கூப்பிட ஆரம்பித்ததும் நான் செய்த முதல் காரியமே தப்பு. வந்த நம்பரையெல்லாம் வரிசையாக பிளாக் செய்தேன்.

நான்காம் நாள் ரிசப்ஷன் அக்கா இன்டர்காமில் கூப்பிட்டார். "தம்பி, உங்களுக்கு ஏதோ பேங்க்ல இருந்து..." என்று இழுத்தார். அந்த இழுவையிலேயே தெரிந்துவிட்டது, போன் செய்தவன் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான் என்று. அன்றைக்கு மட்டும் ஆறு தடவை போர்டு லைனுக்கு போன். கடைசி போன் ராத்திரி 7.40-க்கு. அதை எடுத்தவர் வாட்ச்மேன்.

பிளாக் செய்தால் ஏன் ஆபீசுக்கு வருகிறார்கள்? வங்கிகள் வசூலுக்கென்று வைத்திருக்கும் நெறிமுறையில் பொதுவாக ஒரு வரிசை உண்டு. கடன் வாங்கியவர் எங்கே கூப்பிடச் சொன்னாரோ அங்கே. அவர் எதுவும் சொல்லாவிட்டால் வீட்டில். வீட்டிலும் ஆள் கிடைக்காவிட்டால் வேலை செய்யும் இடத்தில். மொபைலை எடுக்காமல் இருந்து அந்த மூன்றாம் கதவை நானே திறந்துவிட்டேன். அதே நெறிமுறையில் இன்னொரு வரியும் இருக்கும். இந்த இடத்துக்கோ இந்த நேரத்திலோ கூப்பிட வேண்டாம் என்று வாடிக்கையாளர் கேட்டால், முடிந்தவரை அதை மதிக்க வேண்டும். ஆனால் கேட்டதற்கு அத்தாட்சி வேண்டுமே! போனில் கத்தியதெல்லாம் கணக்கில் வராது.

அதனால் முதல் வேலை, மெயில். ஏஜெண்டுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை. கடன் கொடுத்த வங்கியின் குறைதீர்ப்பு முகவரிக்கு அனுப்புங்கள். புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியின் மெயில் வங்கியின் இணையதளத்தில் இருக்கும், அவரையும் நகலில் சேருங்கள். நான் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

"என் கடன் கணக்கு எண் இது. மூன்று தவணை பாக்கி இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். என் அலுவலக எண்ணுக்கோ மேலதிகாரிகளுக்கோ உடன் வேலை செய்பவர்களுக்கோ இந்தக் கடன் பற்றி அழைக்க வேண்டாம். என்னை இந்த மொபைலில் மாலை 5.30 முதல் 6.30 வரை அழைக்கலாம், எடுத்துப் பேசுவேன். என் கணக்கு எந்த ஏஜென்சியிடம் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவிக்கவும்."

பாக்கியை ஒப்புக்கொள்ளலாமா என்று நண்பன் ஒருவன் கேட்டான். தொகை சரியாக இருந்தால் தாராளமாக ஒப்புக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் அந்த வரியை எடுத்துவிட்டு முழு ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். ஆனால் பேச ஒரு நேரம் கொடுப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'இவர் ஓடி ஒளிகிறார்' என்று அவர்கள் சொல்ல முடியாமல் செய்வது அந்த ஒரு வரிதான். கொடுத்த நேரத்தில் போனை எடுக்கவும் வேண்டும், அது கசப்பாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, ஆபீசில் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. எச்ஆர் மேடத்திடம் போய், "ஒரு லோன் பாக்கி இருக்கு, வங்கிகிட்ட பேசிக்கிட்டிருக்கேன், இங்க போன் வந்தா எந்த விவரமும் கொடுக்காதீங்க" என்றேன். இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

ரிசப்ஷன் அக்காவுக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்: "ஊழியர்களின் சொந்த விஷயம் நாங்கள் பேசுவதில்லை. உங்கள் பெயர், ஏஜென்சி பெயர், நம்பர் சொல்லுங்கள்." அவ்வளவுதான், அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட வேண்டும். அக்கா ஒரு படி மேலே போனார். கூரியர் ரெஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு தேதி, நேரம், நம்பர், சொன்னது என்ன என்று எழுத ஆரம்பித்துவிட்டார். "19ஆம் தேதி, 11.05, பேர் சொல்லல, 'உங்க ஸ்டாஃப் திருடன்'னு சொன்னான்." பின்னால் என் புகாருக்கு உயிர் கொடுத்தது அந்தப் பக்கத்தின் போட்டோதான்.

உங்களிடம் நேரடியாகப் பேசும்போது சண்டை போடாதீர்கள். பெயரையும் ஏஜென்சியையும் கேளுங்கள், அழைப்பைப் பதிவு செய்யுங்கள். ஜிபே நம்பர் கொடுத்து "இதில் போடுங்க, நான் கட்டிடறேன்" என்று ஒருவர் சொன்னார். ஒரு ரூபாய்கூட அப்படிப் போடக் கூடாது. பணம் போனால் கடன் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஏஜெண்ட் உண்மையான ஆளா என்பதே தெரியாதபோது அவர் நம்பரில் எதற்குப் போடுவது?

சரி, விதி என்ன சொல்கிறது? ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் சுற்றறிக்கையின்படி வசூலுக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. மிரட்டுவது, பொதுவில் அவமானப்படுத்துவது, குடும்பத்தினர், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவது, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது எல்லாமே தவறு. ஏஜெண்ட் செய்ததற்கு வங்கிதான் பொறுப்பு. "அது ஏஜென்சி சார், எங்களுக்குத் தெரியாது" என்று கிளையில் சொன்னால் எடுபடாது. வாட்ச்மேன் எடுத்த அந்த 7.40 போனை என் புகாரின் முதல் வரியில் வைத்தேன்.

மிரட்டலில் எது காற்று, எது நிஜம் என்றும் தெரிந்திருக்க வேண்டும். "உங்க சம்பளத்தை நிறுத்தச் சொல்லிட்டோம்" என்பது பெரும்பாலும் காற்று. சம்பளத்தைப் பிடிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். அப்போதும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சம்பளத்தில் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. கம்பெனி மூலம் பிடித்தம் செய்ய நீங்களே எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு கதை. கூட்டுறவுச் சங்கக் கடன்களில் இது சகஜம். "போலீஸ் வாரண்ட் ரெடி" என்பதும் வெறும் டியூ பாக்கிக்கு வராது. ஆனால் செக் கொடுத்து அது திரும்பியிருந்தால் செலாவணி முறிச் சட்டத்தின் (Negotiable Instruments Act) 138ஆம் பிரிவில் கிரிமினல் வழக்கே போடலாம். கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினாலும் 2007ஆம் ஆண்டுப் பணப் பட்டுவாடாச் சட்டத்தில் (Payment and Settlement Systems Act) அதேபோல ஒரு பிரிவு இருக்கிறது. அதனால் வக்கீல் நோட்டீஸ் தபாலில் வந்தால் பிரிக்காமல் மேசைக்குள் தள்ளிவிடாதீர்கள். நான் அதையும் செய்து பார்த்தவன்.

மெயிலுக்குப் பிறகும் ஆபீசுக்கு போன் வந்தால் அதே மெயிலின் தொடர்ச்சியாக வங்கிக்குப் புகார் அனுப்புங்கள், ஆதாரத்தோடு. புகார் முடியும்வரை கணக்கை ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார் இணையதளத்தில் இலவசமாகப் பதியலாம், விவரம் கேட்க 14448. வங்கியிடம் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அடிப்பேன் என்ற ரகத்தில் பேசினால் 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பதிவோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். லோன் ஆப் ஆட்கள் உங்கள் போட்டோவை மார்ஃப் செய்து ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிடுங்கள்.

என் கதையில், புகார் போன ஒன்பதாம் நாள் வங்கியிலிருந்து ஒரு பெண் பேசினார். பாக்கியை நான்காகப் பிரித்துக் கட்ட ஒப்புக்கொண்டோம். அதையும் மெயிலில் வாங்கினேன். பாக்கியைவிடக் குறைவான ஒரு தொகையை வாங்கிக்கொண்டு 'செட்டில்மெண்ட்' என்று முடிக்கலாமே என்று அவரே சொன்னார், நான் வேண்டாம் என்றேன். நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அடுத்த கடனுக்கு அது தலைவலி.

ஆபீஸ் போன் நின்றது. இரண்டு மாதம் கழித்துக் கணக்கு வேறொரு ஏஜென்சி கைக்கு மாறியது போல. புது ஆள், பழைய லிஸ்ட். மறுபடியும் போர்டு லைன். அக்கா கூரியர் ரெஜிஸ்டரைத் திருப்பிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். இந்தத் தடவை பிளாக் செய்யவில்லை. பழைய மெயிலைத் திறந்து, தேதியை மாற்றி, அக்கா எழுதிய புது வரியைப் படமெடுத்துச் சேர்த்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பிவிட்டேன்.