டோ பாரை லாரியில் மாட்டி வைப்பது எப்படி: சட்டென்று கழற்றும் தாங்கி, படிப்படியாக

டோ பார் என்பது நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டியோடு கோத்து இழுக்கும் இரும்புச் சட்டம்; மடக்கக்கூடிய இரண்டு கால்களும் அவை சேரும் முனையில் ஒரு வளையமும் இருக்கும். ராணுவ லாரியில் அது உள்ளே கிடக்காது, வெளியில்தான் தொங்கும். வரிசையில் போகும் வண்டிகளில் ஒன்று நின்றுவிட்டால் பின்னால் வருபவை அத்தனையும் மாட்டிக்கொள்ளும். சரக்கை இறக்கி அடியிலிருந்து பாரை உருவ அப்போது நேரமிருக்காது. ஏலத்தில் எடுத்த சக்திமான், நிசான் 1 டன், ஜோங்கா போன்ற வண்டிகளைச் சீரமைப்பவர்கள் பலரும் இதை ஒரு கயிற்றாலோ இரண்டு யூ போல்ட்டாலோ கட்டி வைத்துவிடுகிறார்கள். கயிறு தேய்ந்து அறும். யூ போல்ட் துருப்பிடித்தால் ஸ்பானரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்ட வேண்டும்.

இங்கே சொல்வது லாரிக்கான தாங்கி. கேரியர் தளத்துக்குக் கீழே, சேஸிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) வெளிப்பக்கத்தில் பொருந்தும். அடிப்படை வெல்டிங்கும் துளையிடலும் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு கணக்கு

76 மி.மீ. வெளிவிட்டமும் 6 மி.மீ. கனமும் உள்ள இரும்புக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 10.4 கிலோ. 2 மீட்டர் நீளத்தில் இரண்டு கால்கள் என்றால் 41 கிலோ. முன்வளையம், முள்கரண்டி முனைகள், பெரிய பின்கள் எல்லாம் சேர்ந்து 60 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது இதன் எடை 5 மடங்காகிறது என்று கணக்குப் போட்டாலும் மொத்தம் 300 கிலோ, இரண்டு தாங்கிக்கும் பிரித்தால் ஆளுக்கு 150.

தாங்கியில் பூட்டாகப் போடும் 10 மி.மீ. பின் ஒன்று இரண்டு பக்கமும் பிடிமானத்தோடு நின்றால் ஒன்றரை டன் வரை வெட்டுப்படாமல் தாங்கும். ஆக, பின் உடைவது அரிது. அது இறுகிப் போவதுதான் தொல்லை. பாரின் எடையோ, பாரைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்பின் இறுக்கமோ பின்னின் மேல் உட்கார்ந்துவிட்டால், ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கலில் துளையின் விளிம்பு பின்னில் பள்ளம் பறிக்கும். பிறகு சுத்தியல் இல்லாமல் வெளியே வராது. அதனால் இந்த அமைப்பில் எடையைத் தாங்கியின் அடித்தட்டு தாங்கும், முன்பின் தள்ளலைப் பாரின் வளையத்துக்குள் நுழையும் முளை தாங்கும், இறுக்கத்தைக் கைப்பிடியை மடக்கி மூடும் லாட்ச் தரும். பின்னுக்கு ஒரே வேலை, லாட்சின் கைப்பிடி தானாகத் திறக்காமல் காவல் நிற்பது. கையால் சுழற்றிப் பார்த்தால் பின் எப்போதும் லேசாகச் சுழல வேண்டும்.

வேண்டிய பொருட்கள்

- 8 மி.மீ. இரும்புத் தகடு, ஐ.எஸ். 2062 தரம். முதுகுத் தட்டு 2 (120 × 260 மி.மீ.), அடித்தட்டு 2 (120 × 90), உதட்டுத் தட்டு 2 (120 × 90)
- 50 × 6 மி.மீ. இரும்புப் பட்டை, ஒவ்வொன்றும் 350 மி.மீ., 2
- நீளம் சரிசெய்யும் மரையுள்ள கொக்கி வகை டாகிள் லாட்ச், குறைந்தது 300 கிலோ பிடிமானம், 2
- 10 மி.மீ. லிஞ்ச் பின் 4 (இரண்டு உபரி)
- 60 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. கனமுள்ள குழாய், 70 மி.மீ. நீளம்: முளைக்கு
- 6 மி.மீ. ரப்பர். பழைய கன்வேயர் பெல்ட் அருமையாக இருக்கும்
- எம்12 போல்ட், 8.8 தரம், நைலாக் (தானாகத் தளராத) நட்டோடு, தாங்கிக்கு 4, முளைக்கு 4
- 2 மி.மீ. கம்பிக் கயிறு, மெல்லிய சங்கிலி 300 மி.மீ. துண்டு 2

லிஞ்ச் பின் என்பது டிராக்டரின் பின்பக்க இணைப்பில் கலப்பை கழலாமல் இருக்கப் போடும் வளையம் வைத்த பின்தான். எந்த டிராக்டர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். பொத்தானை அழுத்தினால் குண்டுகள் உள்ளே போகும் பால் லாக் பின் பார்க்க அழகு, விலையும் அதிகம். ஆனால் சக்கரத்துக்குப் பக்கத்தில் சேறு தெறிக்கும் இடத்தில் குண்டுகள் அடைத்துக்கொண்டு பொத்தான் அழுங்காது. ஸ்பிரிங் குண்டு மட்டும் உள்ள, இழுத்தால் வந்துவிடும் வகையை இங்கே தொடவே வேண்டாம், குலுங்கலில் அதுவே இறங்கிவிடும். இந்த வேலைக்கு நாங்கள் எடுப்பது லிஞ்ச் பின்தான்.

படி 1: இடம் பார்த்தல்

முன் பம்பரில் கிரில்லுக்கு எதிரே மடித்து நிறுத்துவதைப் பழைய ஜீப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தனியார் பதிவு எண்ணோடு ஓடும் வண்டிக்கு அது வேண்டாம். ரேடியேட்டர் காற்றை மறைக்கும் என்பது ஒரு பக்கம். வண்டியின் முன்னால் கூடுதல் இரும்பு மாட்டுவதே சிக்கல் என்பது இன்னொரு பக்கம்: கிராஷ் கார்டு, புல் பார் என்ற முன்பக்க இரும்புக் காப்புகள் பொருத்திய வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பக்கவாட்டில், தளத்தின் அகலத்துக்குள் அடங்கும்படி வைப்பதே நல்லது.

சைலன்ஸர் குழாயிலிருந்து 150 மி.மீ., டயரிலிருந்து 75 மி.மீ. இடைவெளி விடுங்கள். டயர் இடைவெளியை வண்டி சும்மா நிற்கும்போது அளந்து ஏமாறாதீர்கள். ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, ஸ்பிரிங் முழுதாக அமுங்கிய நிலையில் அளக்க வேண்டும். டீசல் டேங்க் மூடி, பேட்டரிப் பெட்டிக் கதவு இரண்டும் திறக்கிறதா என்றும் பாருங்கள். பாருக்கு மேலே 100 மி.மீ. வெற்றிடமும் தேவை, காரணம் கழற்றும்போது புரியும்.

படி 2: முளை

டோ பாரை மடித்து, கால்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்படி நிமிர்த்துங்கள். இப்போது முன்வளையமும் செங்குத்தாக நிற்கும். நேட்டோ அளவு வளையத்தின் உள்விட்டம் 76 மி.மீ. உங்களுடையது வேறாக இருந்தால் முளையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 60 மி.மீ. குழாயை 8 மி.மீ. தட்டில் சுற்றிலும் வெல்ட் செய்து, வெளிப்பக்கம் பார்த்து நீட்டும்படி சேஸிஸில் போல்ட் போடுங்கள். முளையின் மேல் 6 மி.மீ. ரப்பர் சுற்றினால் 72 ஆகும், வளையத்துக்குள் 4 மி.மீ. விளையாட்டு மிஞ்சும். அது போதும். ரப்பர் சுற்றாமல் விட்டால் 16 மி.மீ. ஆட்டம், ஒவ்வொரு பிரேக்குக்கும் டங் என்று அடிக்கும்.

முளை இல்லாமல் கிளாம்பை மட்டும் நம்பிச் செய்த தாங்கிகளில் சடன் பிரேக்கில் பார் அப்படியே முன்னோக்கி வழுக்கும். ரப்பரும் குழாயும் எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

படி 3: தாங்கிகள்

முதுகுத் தட்டு நிமிர்ந்து நிற்க, அதன் வெளிமுகத்தில் அடித்தட்டைக் கிடையாக வையுங்கள். அடித்தட்டின் வெளிமுனையில் உதட்டுத் தட்டு செங்குத்தாக வரும்: 20 மி.மீ. மேலே, மீதி 70 கீழே. மேலே நிற்கும் 20 மி.மீ. உதடுதான் கிளாம்பைத் திறந்ததும் 60 கிலோ இரும்பு உங்கள் காலில் உருண்டு விழாமல் தடுப்பது. இதைச் சிக்கனம் பிடிக்காதீர்கள். கீழே தொங்கும் பகுதியில் லாட்ச் உட்காரும்.

முதுகுத் தட்டின் உச்சியில் 54 × 9 மி.மீ. நீள்துளை வெட்டுங்கள். பட்டையின் ஒரு முனையைக் கொக்கிபோல் வளைத்து அந்தத் துளையில் நுழைத்து, மேல் காலைச் சுற்றி வெளிப்பக்கமாக இறக்கினால், கீழ் முனையை லாட்ச் கொக்கி பிடித்துக் கீழே இழுக்கும். கீல் வைக்காததற்குக் காரணம் உண்டு: தளத்துக்கு அடியில் பட்டை முழுதாகத் திரும்ப இடமிருக்காது, பாதியில் நின்று தலையில் இடிக்கும். கழன்று வரும் பட்டை சங்கிலியில் தொங்கட்டும்.

இப்போதைக்கு எல்லாவற்றையும் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்துங்கள். முழு வெல்ட் பிறகு.

படி 4: சேஸிஸில் பொருத்துதல்

முளையிலிருந்து 400 மி.மீ. தள்ளி முதல் தாங்கி, 1600-இல் இரண்டாவது. சேஸிஸின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது, வெல்டிங்கும் கூடாது. லாரி வளையும்போது அதிக இழுவிசை படும் இடம் அதுதான், அங்கே போடும் சின்னத் துளையிலிருந்து விரிசல் ஓடும். நடுச்சுவரில் ஏற்கெனவே உள்ள துளைகளைத் தேடுங்கள். தாங்கி அரை அடி நகர வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. போல்ட்டை 80 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு இறுக்குங்கள்.

படி 5: ரப்பர், இறுக்கம், பின் துளை

அதிகம் சொதப்பும் இடம் இது. வரிசை மாறக் கூடாது.

அடித்தட்டில் ஒரு ரப்பர், இரண்டு கால்களுக்கு நடுவே ஒன்று, பட்டைக்கு உள்பக்கம் ஒன்று. பசை போட்டு ஒட்டினால் டீசல் பட்டு உரியும். தலை உள்ளே புதையும் எம்6 திருகால் பிடியுங்கள்.

பாரை ஏற்றி, பட்டையை மாட்டி, லாட்சை மூடுங்கள். மூன்று ரப்பரும் சேர்ந்து 18 மி.மீ., அது 3 முதல் 4 மி.மீ. அமுங்கும்வரை லாட்சின் மரையைச் சரிசெய்யுங்கள். அளவு சரியென்றால் கைப்பிடி நடுப்புள்ளியைத் தாண்டும்போது உள்ளங்கையில் ஒரு அழுத்தம் தெரியும், பிறகு டக்கென்று தானே படியும். இரண்டு கையும் போட்டு அழுத்த வேண்டியிருந்தால் அதிக இறுக்கம். சத்தமில்லாமல் படிந்தால் குறைவு, முதல் பள்ளத்திலேயே திறக்கும்.

கைப்பிடி முழுதாகப் படிந்த அந்த நிலையில், அதன் காதையும் (பின் நுழைய நீட்டி நிற்கும் தகடு) உதட்டுத் தட்டில் வைத்த காதையும் சேர்த்து ஒரே ஓட்டமாகத் துளையிடுங்கள். தனித்தனியாக அளந்து துளையிட்டால் அரை மி.மீ. விலகும், விலகினால் பின் இறுக்கத்தைத் தாங்க ஆரம்பிக்கும். துளை 11 மி.மீ. 10 பின்னுக்கு 10-லேயே போட்டால் பெயின்ட் அடித்த மறுநாள் நுழையாது. துளை விளிம்பின் பிசிறை அரத்தால் எடுத்துவிடுங்கள்.

பிறகு பாரை இறக்கி, தாங்கிகளைக் கழற்றி, முழு வெல்ட் போட்டு, பிரைமரும் பெயின்டும். வெல்டிங் சூட்டில் உதட்டுத் தட்டு உள்பக்கம் சாயும். வெல்ட் போடும்போது இடையில் ஒரு மரக்கட்டையை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பின்னைக் கட்டுதல்

பின்னின் கம்பிக் கயிற்றைக் கைப்பிடியில் கட்டாமல் உதட்டுத் தட்டில் கட்டுங்கள். கைப்பிடியோடு சேர்ந்து ஆடினால் கயிறு சீக்கிரம் அறும். கயிற்று நீளம் 150 மி.மீ. போதும், நீளமாக விட்டால் சக்கரம் சுற்றிக்கொள்ளும். வளையம் வெளிப்பக்கம் பார்க்கட்டும், கையுறை போட்ட விரல் நுழைய வேண்டும். உபரிப் பின் இரண்டையும் டூல் பெட்டியில் போடுங்கள்.

பாரின் சொந்தப் பின்களும் ஷேக்கிள்களும் (யூ வடிவ இணைப்பு வளையங்கள்) பாரிலேயே மாட்டி, ஆர் கிளிப் (பின் கழலாமல் செருகும் வளைந்த கம்பி) போட்டு இருக்க வேண்டும். தாங்கி கச்சிதமாக இருந்து, இழுவைப் பின் எங்கேயோ விழுந்துவிட்டால் ஒரு பயனும் இல்லை.

கழற்றும் முறை

இரண்டு ஆள் தேவை. முதலில் பின்பக்கத் தாங்கி, பிறகு முன்பக்கம். பட்டைகள் சங்கிலியில் தொங்கட்டும். முளை அச்சாக இருப்பதால் பாரின் பின்பக்கத்தைத் தூக்கினால் போதும். முதல் தாங்கியின் 20 மி.மீ. உதட்டைத் தாண்ட, இரண்டாவது தாங்கி இருக்குமிடத்தில் 80 மி.மீ. தூக்க வேண்டும். மேலே 100 மி.மீ. விடச் சொன்னது இதற்குத்தான். தூக்கி வெளிப்பக்கம் நகர்த்தி, வளையத்தை முளையிலிருந்து உருவுங்கள். வண்டி சாய்வில், பார் இருக்கும் பக்கம் தாழ்ந்து நின்றால் பட்டையைத் திறக்குமுன் ஒருவர் பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சோதனையும் பராமரிப்பும்

லாட்ச் மரை, போல்ட் நட் ஒவ்வொன்றின் மேலும் குறுக்காக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிட்டு, மோசமான மண் பாதையில் 10 கிலோமீட்டர் ஓட்டுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. ரப்பர் புதிதாக இருக்கும்போது கொஞ்சம் படியும் என்பதால் 100 கிலோமீட்டரில் லாட்சை ஒருமுறை இறுக்க வேண்டிவரும்.

பின்னுக்கு கிரீஸ் பூசாதீர்கள். கிரீஸில் புழுதி ஒட்டி உப்புத்தாள்போலத் தேய்க்கும். டீசலில் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். லாட்ச் மூட்டுக்கு மட்டும் இரண்டு சொட்டு எண்ணெய். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது பாரை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். ரப்பருக்கு அடியில் தண்ணீர் தங்கி, வெளியே தெரியாமல் தட்டு அரிப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அடித்தட்டின் நடுவில் 8 மி.மீ. வடிதுளை ஒன்று போட்டால் அந்தத் தொல்லை பாதி குறையும், ரப்பரிலும் அதே இடத்தில் துளை போட மறக்காதீர்கள்.