ரெட் ஹேட் மூலநிரலிலிருந்து சொந்தப் பெயரில் ஒரு லினக்ஸ் வழங்கல்

நிறுவனங்களுக்கான இயங்குதளமான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலை மறுபடியும் தொகுத்து (கம்பைல் செய்து) வேறு பெயரில் வெளியிட நினைப்பவர், கட்டற்ற உரிமம் நிரலுக்குத்தானே தவிர வணிகச்சின்னத்துக்கு அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பெயர்மாற்றம் கட்டாயமே, ஆயினும் காலத்தை விழுங்குவது தொகுக்கும் பணிதான். ரெட் ஹேட்டின் 6ஆம் பதிப்பு 2010 நவம்பரில் வந்தது. அதன் மறுதொகுப்பான சென்ட்ஓஎஸ் 6 வெளிவர 2011 ஜூலை ஆனது.

2023 ஜூனுக்குப் பிறகு பொதுவில் கிடைக்கும் மூலநிரல், ரெட் ஹேட்டின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோடியான சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீமில்தான் இருக்கிறது. எனவே அச்சு அசலான நகலா, பைனரி அளவிலான இணக்கமா (அதாவது, ரெட் ஹேட்டுக்கெனத் தொகுத்த நிரல்கள் மாற்றமின்றி ஓடினால் போதுமா) என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். இத்தகைய வழங்கல்களில் ஒன்றான அல்மாலினக்ஸ் அவ்வாண்டே இரண்டாவதைத் தேர்ந்தது, சிறிய குழுவுக்கும் அதுவே தாங்கும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு பொதியையும் (நிறுவத்தக்க மென்பொருள் கட்டு) மாக் என்ற கருவி உருவாக்கும் தூய சூழலில் தொகுக்க வேண்டும். ரஸ்ட் மொழியின் கம்பைலரைத் தொகுக்க ஏற்கெனவே ஒரு ரஸ்ட் கம்பைலர் தேவைப்படுவது போன்ற சுழற்சிகள் பல உண்டு; தொகுக்க மட்டும் தேவைப்படும் சில பொதிகள் பயனர் களஞ்சியங்களில் இருக்கவே இருக்காது. தொகுத்து முடித்ததும், மூல வழங்கலின் பைனரிகள் எந்தெந்த நிரலகங்களைச் (லைப்ரரி) சார்ந்துள்ளனவோ அவற்றையே உங்களுடையவையும் சார்ந்துள்ளனவா என்று ஒப்பிடுங்கள். பிழையில்லாமல் தொகுபட்ட பொதியிலும் ஒரு வசதி ஓசையின்றி விடுபட்டிருக்கலாம்.

பெயரை மாற்றும்போது எல்லாக் கோப்புகளிலும் ஒரே கட்டளையால் தேடி மாற்றுவது பெருந்தவறு. பதிப்புரிமை அறிவிப்புகளில் உள்ள ரெட் ஹேட் பெயரை நீக்க உரிமம் இடம் தராது. ஜிசிசி கம்பைலரின் கோப்புப் பாதைகளில் வரும் 'எக்ஸ்86_64-ரெட்ஹேட்-லினக்ஸ்' என்ற தொடரை மாற்றினால் அந்தப் பாதையை எதிர்பார்க்கும் நிரல்கள் உடையும். சின்னங்கள், நிறுவி, வெளியீட்டுப் பொதி, வழு அறிவிக்கும் முகவரி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மாற்றுங்கள். 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பின் 'ஐடி' வரியில் உங்கள் பெயரை இட்டு, 'ஐடி_லைக்' வரியில் மூல வழங்கலைக் குறிப்பிட்டால், அந்த வரியைப் பார்க்கும் பிற மென்பொருள்கள் உங்கள் வழங்கலையும் அடையாளம் காணும்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே கணினி தொடங்க அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதிக்காக, ஷிம் என்ற தொடக்கக் கோப்பு வெளியார் மறுஆய்வைக் கடந்து மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற வேண்டும். ரெட் ஹேட்டின் இன்னொரு மறுதொகுப்பான ராக்கி லினக்ஸ் 8.4கூட 2021 ஜூனில் அந்த ஆதரவின்றியே வந்தது. ஆகவே தொகுக்கத் தொடங்கும்போதே அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.