பழுதில்லாத லைன் ஏன் ட்ரிப் ஆனது?

இணையாக ஓடும் இரட்டை உயர்மின் லைனில் ஒன்றில் பழுது வந்தால், நல்ல லைனும் கூடவே ட்ரிப் ஆகிக்கொண்டிருந்தது (தானாகத் துண்டித்துக்கொண்டது). லைனின் இரண்டு முனைகளிலும் டிஸ்டன்ஸ் ரிலே, அதாவது பழுது எவ்வளவு தூரத்தில், எந்தப் பக்கம் என்று கணிக்கும் பாதுகாப்புக் கருவி. ஜோன் 2-வில், அதாவது லைனின் மறுமுனையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வரையுள்ள முன்பக்க எல்லைக்குள், பழுதைப் பார்த்ததும் எதிர்முனைக்கு 'ட்ரிப் செய்யலாம்' என்று சிக்னல் போகும் பெர்மிஸிவ் ஸ்கீம். முதலில் ஜோன் 2 ரீச் (அது எட்டும் தூரம்) மேல்தான் எல்லோருக்கும் சந்தேகம். எனக்கும்தான். ஆனால் செட்டிங் சரியாகவே இருந்தது.

அப்புறம் இரு முனைகளின் பதிவுகளையும் ஒரே நேரக்கோட்டில் வைத்துப் பார்த்தேன். பழுதான லைனில் ஒரு முனை பிரேக்கர் முதலில் திறந்தது. அந்தக் கணமே நல்ல லைனில் மின்னோட்டத்தின் திசை திரும்பியது. அதுவரை பழுதைப் பின்பக்கம் பார்த்த ரிலே, இப்போது முன்பக்கம் பார்த்தது. எதிர்முனை சிக்னலோ இன்னும் விழவில்லை. அது சுமார் 30 மில்லிசெகண்ட் நீடித்தது. அனுமதி கையில், பழுது முன்னால், ரிலே வேறென்ன செய்யும்!

மின்னோட்டம் திரும்புவதைக் கவனித்து, அனுமதியால் வரும் ட்ரிப்பைச் சற்று நேரம் தடுத்து வைக்கும் கார்டு (guard) டைமர் ரிலேயிலேயே இருந்தது, ஆனால் 0-வில் கிடந்தது. சிக்னல் விழும் நேரம், எதிர்முனை ஜோன் 2 ரீசெட் ஆகும் நேரம், கொஞ்சம் இடைவெளி, மூன்றையும் கூட்டி 60 மில்லிசெகண்ட் வைத்தேன். இதற்கு மேல் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை: வெளியே தொடங்கிய பழுது இந்த லைனுக்குள் பரவினால் ட்ரிப் அவ்வளவு தாமதமாகும்.

பழைய பதிவையே இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் செலுத்திச் சோதித்தோம். நல்ல லைன் அசையவில்லை. உள்பழுதைக் கொடுத்தபோது மட்டும் உடனே ட்ரிப் ஆனது.