குதப்பைக் கட்டி: வாலைத் தூக்கிப் பார்க்காத டொக்டர்மாருக்கு

மட்டக்களப்பில் வேலைக்கு வரும் இளம் மிருக வைத்தியர்கள் முதலில் பழகுவது மாட்டிலும் எருமையிலும்தான். தோள்மூட்டு வரை கையுறையை இழுத்துவிட்டு, சினை பார்க்கக் கையை உள்ளே விட அவர்களுக்கு ஒரு தயக்கமும் கிடையாது. அதே ஆளிடம் வயதான நாயைக் கொண்டுபோனால் ஒரு விரலை வைத்துப் பார்க்கக் கூச்சம். நாங்களும் அந்த வயதில் அப்படித்தான். ஆனாலும் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது.

சுத்தம், பட்டினி, மயக்க மருந்தின் அளவு எல்லாம் பேராதனை மிருக வைத்திய பீடத்திலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதை விடுகிறேன். மலவாயின் இருபக்கமும் உள்ள குதப்பையில் வரும் புற்றுக்கட்டியில் நாங்கள் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

தண்ணீர் குடிக்கிற நாயின் பின்பக்கத்தைப் பார்க்காமல் விடுவது

பத்து வயதை ஒட்டிய நாய். அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் குடிக்கிறது, முற்றமெல்லாம் மூத்திரம். இரத்தத்தில் சீனி பார்க்கிறோம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கிறோம். கிரியேட்டினின் கூடியிருந்தால் 'கிட்னி' என்று எழுதி, சாப்பாட்டை மாற்றி அனுப்பிவிடுகிறோம்.

கல்லடியிலிருந்து ஓர் அல்சேஷன் அப்படித்தான் வந்தது. "கிணத்தடியில வெச்ச வாளித் தண்ணியையும் குடிச்சி முடிக்கான், டொக்டர்" என்றார் வளர்த்த அம்மா. வேறோர் இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலாகக் கிட்னிச் சாப்பாடு. கொண்டுவந்த றிப்போர்ட்டில், கிரியேட்டினினுக்குச் சில வரி கீழே, கல்சியத்துக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதை யாரும் பார்த்த அடையாளமில்லை. வெளியே வீக்கமும் இல்லை. விரலை விட்டதும் வலப்பக்கக் குதப்பையில் கடலை அளவில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. இன்னும் உள்ளே, மேற்பக்கமாக, அதைவிடப் பல மடங்கு பெரிய நிணநீர்க் கணு குடலை நெரித்துக்கொண்டிருந்தது. மலம் தட்டையாக வருவதை அந்த அம்மா முன்னமே கவனித்திருக்கிறார். "அதையும் சொல்லணுமா எண்டு நினைச்சன்" என்றார். கல்சியத்தை இறக்கினோம். சிறுநீரகம் மீளவில்லை.

இந்தப் புற்றுநோய் வந்த நாய்களில் கால்பங்குக்காவது கல்சியம் ஏறும். இரத்தத்தில் கல்சியத்தை ஏற்றும் பாராதைரொயிட் சுரப்பைப் போன்ற ஒரு புரதத்தைக் கட்டியே சுரந்து, எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கிறது. கல்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் மூத்திரத்தைச் செறிவாக்க முடியாது. தாகம் அதனால்தான். விட்டுவைத்தால் சிறுநீரகமே பழுதாகும். கிட்னி நோய் என்று எழுதும்போது விளைவுக்குத்தான் பெயர் வைக்கிறோம்.

குதப்பைகள் இரண்டும் மலவாயைக் கடிகாரமாக வைத்தால் நாலு மணியிலும் எட்டு மணியிலும் இருக்கும். ஆள்காட்டி விரல் உள்ளே, பெருவிரல் வெளியே, நடுவில் பையைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். பிறகு மேற்பக்கம் கணுவைத் தேடுங்கள். ஒரு நிமிடமும் ஆகாது. மொத்தக் கல்சியம் சிறுநீரக நோயிலும் ஏறலாம். ஆகவே முடிந்தால் அயன் கல்சியத்தை, அதாவது இரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் கல்சியத்தைப் பாருங்கள். வசதியில்லையென்றால் பொஸ்பரஸ். கல்சியம் ஏறி பொஸ்பரஸ் ஏறாமலிருந்தால் புற்றுநோயை நினையுங்கள். சிறுநீரகம் கெட்டபின் இந்தத் தடயமும் போய்விடும்.

பூச்சிக் குளிசை

நாய் குண்டியைத் தரையில் தேய்த்தால் கடைக்காரரே கொடுப்பார். பின்பக்கத்தைப் பார்க்காமல் அதைக் கொடுக்க டொக்டர் தேவையில்லை.

ஸ்டெரொயிட்டை முந்திக் கொடுப்பது

கல்சியம் இறங்கும், நாயும் எழும்பி நடக்கும். ஆனால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயும் கல்சியத்தை ஏற்றும். ஸ்டெரொயிட் போனபிறகு அது ஒளிந்துவிடும், எது எதுவென்று பிரிக்க முடியாது. முதலில் கட்டியிலிருந்து ஊசியால் உறிஞ்சி, சிலைட்டில் பூசி அனுப்புங்கள். அப்புறம் மருந்து.

ரிங்கர் லக்டேட்

நாளத்தில் ஏற்றும் இந்தத் திரவத்திலேயே கல்சியம் இருக்கிறது. 0.9% சேலைன் ஏற்றுங்கள்.

விதை எடுத்தால் சரியாகும் என்பது

விதை எடுக்காத ஆண் நாய்க்கு மலவாயைச் சுற்றித் தோலில் வரும் அடினோமா என்ற புற்றல்லாத கட்டிதான் அப்படிச் சுருங்கும். பைக்குள் இருப்பது சுருங்காது.

கணு வீங்கியதும் கைவிடுவது

முன்கூட்டியே நெஞ்சு எக்ஸ்ரேயும் வயிற்று ஸ்கேனும் எடுங்கள். நுரையீரல் சுத்தமாக இருந்தால், பையோடு கணுவையும் எடுக்கிற சத்திரசிகிச்சை உண்டு. பேராதனை தூரம்தான், செலவும்தான். ஆனால் அதன்பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நல்லபடியாக இருந்த நாய்கள் பல. கார்போபிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்தையும் அதன்பின் யோசிக்கலாம். கல்சியம் ஏறியிருந்த நாய் என்றால் பிறகும் இடைக்கிடை அதைப் பாருங்கள். திரும்ப ஏறினால் கட்டி திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தேடவேண்டும்.

பூனை

அரிது, கல்சியமும் பெரும்பாலும் ஏறாது. சீழ்க்கட்டி மாதிரி ஒழுகும். ஆறாத புண்ணுக்கு இரண்டாம் முறையும் அன்டிபயோட்டிக் எழுதாமல் ஒரு துண்டு வெட்டி அனுப்புங்கள்.

வெட்டியதைக் குப்பையில் போடுவது

சோதனைக்கு அனுப்ப 10% ஃபோமலின், கட்டியைப்போல் பத்து மடங்கு. ஜாம் போத்தலும் போதும், வாய் மட்டும் அகலமாக இருக்கட்டும். ஃபோமலினில் ஊறிய சதை விறைத்துவிடும், குறுகிய வாயால் நுழைத்தது திரும்ப வெளியே வராது.